0.999... என்பது 1 தானா? புதிதாகக் கணக்குப் பழகுவோருக்குப் படிப்படியான விளக்கம்

சுழல் தசமம் (ஒரே இலக்கங்கள் ஓயாமல் திரும்பத் திரும்ப வரும் தசமம்) ஒன்று முழு எண்ணாக இருக்க முடியுமா என்று கேட்டால், முடியும் என்பதே பதில். 0.999... என்று ஒன்பது ஓயாமல் தொடர்ந்தால் அதன் மதிப்பு 1. ஏறக்குறைய 1 என்று சொல்லவில்லை. 1-க்கு மிக நெருங்கிய வேறோர் எண் என்றும் சொல்லவில்லை. 1 என்ற அதே எண்ணைத்தான் 0.999... என்றும் எழுதுகிறோம்.

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில், மெய்யெண்கள் பாடம் வந்ததும் இந்தக் கேள்வி எழும். "ஏதோ தோராயம், விடு" என்று பெரியவர்கள் சொல்லி அனுப்பிவிடுவதுண்டு. அது தவறான பதில். ரங்கூனிலும் கொழும்பிலும் பினாங்கிலும் வட்டிக்கடை வைத்து, முந்திரி (1/320) என்னும் சிறு பின்னம்கூடப் பிசகாமல் பேரேடு எழுதிய ஊர்களில் இருந்துகொண்டு அப்படிச் சொல்லக்கூடாது. பிள்ளைக்குச் சரியான விடையைக் காட்ட நீள் வகுத்தல் தெரிந்தால் போதும். கீழே உள்ளதை வாசித்துக்கொண்டே போகாமல், ஒவ்வொரு படியையும் தாளில் எழுதிப் பாருங்கள். கை எழுதினால்தான் இதில் மனம் ஒப்பும்.

முதல் படி: கால்குலேட்டரை ஒதுக்கி வையுங்கள்

மளிகைக்கடை மேசையில் கிடக்கும் எட்டு இலக்கக் கால்குலேட்டரில் 1-ஐ 3-ஆல் வகுத்து, வந்ததை 3-ஆல் பெருக்குங்கள். பல கால்குலேட்டர்கள் 0.9999999 என்று காட்டும். சில, உள்ளே கூடுதல் இலக்கங்களை வைத்திருந்து முழுமையாக்கி 1 என்று காட்டும். இரண்டுமே நமக்கு உதவாது. 0.9999999 என்பதில் ஏழு ஒன்பதுகள்தான் இருக்கின்றன. அது 1-ஐவிடச் சரியாகக் கோடியில் ஒரு பங்கு குறைவு. நாம் பேசும் 0.999... வேறு எண். மூன்று புள்ளிகளுக்குப் பொருள் ஒன்பதுகள் எங்கேயும் நிற்கவில்லை என்பது. நின்றுபோன ஒன்பதுகளைப் பார்த்து நிற்காத ஒன்பதுகளுக்குத் தீர்ப்புச் சொல்வதில்தான் பெரும்பாலான குழப்பம் தொடங்குகிறது.

இரண்டாம் படி: மீதியைக் கவனியுங்கள்

1-ஐ 3-ஆல் கையால் வகுங்கள். 10-இல் 3 மூன்று முறை போகும், மீதி 1. சுழியம் சேர்த்தால் மறுபடியும் 10. மறுபடியும் மூன்று முறை, மீதி 1. மீதி பழைய இடத்துக்கே திரும்பிவிட்டதால் இனி வேறு எதுவும் நடக்க வழியில்லை. அதனால்தான் 1/3 = 0.333... என்று தயங்காமல் எழுதுகிறோம். பக்கங்கள் போதாமல் எழுதிப் பார்த்து யாரும் இதைக் கண்டுபிடிக்கவில்லை. மீதி திரும்பி வந்ததே சான்று.

இப்போது இருபுறமும் 3-ஆல் பெருக்கினால் இடப்பக்கம் 1, வலப்பக்கம் 0.999... வரும். பலர் இந்த இடத்தில் தலையாட்டிவிட்டு, சற்று நேரம் கழித்து "அப்படியென்றால் 0.333... என்பதே மூன்றில் ஒரு பங்கு இல்லையோ?" என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. அதற்கு நான்காம் படியில் விடை வரும்.

மூன்றாம் படி: ஏழில் சோதியுங்கள்

1/7-ஐ வகுத்தால் 0.142857142857... என்று ஆறு இலக்கங்கள் சுழலும். 6/7-ஐ வகுத்தால் 0.857142857142... இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் கூட்டுங்கள். 1-உம் 8-உம் 9. 4-உம் 5-உம் 9. 2-உம் 7-உம் 9. எந்த இடத்திலும் மேலே ஏற்ற வேண்டிய எண் வராது. எல்லா இடத்திலும் ஒன்பதே. ஆனால் ஏழில் ஒரு பங்கும் ஏழில் ஆறு பங்கும் சேர்ந்தால் முழுதாக ஒன்று. பெருக்கலே இல்லாமல் அதே விடை வந்துவிட்டது. பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும்போது 1/3-ஐவிட இதையே முதலில் காட்டலாம் என்பேன். இரண்டு தசமங்கள் தனித்தனி மூலையிலிருந்து வந்து ஒன்பதில் கூடுவது அவர்களை நிமிர்ந்து உட்கார வைக்கும்.

நான்காம் படி: குறை எவ்வளவு என்று கேளுங்கள்

இந்த வழிகாட்டியின் உயிர்நாடி இந்தப் படி. நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தொகை போட்டு வரவும் பற்றும் ஒத்துவரவில்லை என்றால் கணக்கு எழுதுபவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: குறை எவ்வளவு? 0.999... என்பது 1-ஐவிடக் குறைவு என்று சொல்பவரிடமும் அதையே கேளுங்கள். தொகை சொல்லாத குறையைப் பேரேட்டில் ஏற்ற முடியாது.

லட்சத்தில் ஒரு பங்கு குறைகிறது என்று அவர் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 0.999999 என்று ஆறு ஒன்பதோடு நிறுத்தினாலே குறை பத்து லட்சத்தில் ஒரு பங்குதான். 0.999... அதைவிடப் பெரியது, ஏனெனில் ஆறாவது ஒன்பதுக்குப் பின்னும் ஒன்பதுகள் இருக்கின்றன. ஆக உண்மையான குறை பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் கீழே. லட்சத்தில் ஒன்று என்றது தவறு. சரி, கோடியில் ஒன்று என்கிறார். எட்டு ஒன்பதுகளைக் காட்டுங்கள். குறை பத்துக் கோடியில் ஒன்றாகிவிடும். கோடி கோடியில் ஒன்று என்றால் பதினைந்து ஒன்பதுகள் போதும். அவர் எவ்வளவு சிறிய தொகை சொன்னாலும், அதைவிடக் குறை சிறியது என்று காட்டப் போதுமான ஒன்பதுகள் உங்களிடம் இருக்கின்றன. ஒருநாளும் தீராது.

மறுபக்கமும் பாருங்கள். 0.9, 0.99, 0.999 என்று எங்கே நிறுத்தினாலும் 1-ஐத் தாண்டுவதில்லை. அதனால் குறை சுழியத்துக்குக் கீழேயும் போக முடியாது. சுழியத்துக்குக் கீழே இல்லாமல், எந்த நேர்ம எண்ணை (சுழியத்தைவிடப் பெரிய எண்ணை) சொன்னாலும் அதைவிடச் சிறியதாக இருக்கும் எண் ஒன்றே ஒன்றுதான்: சுழியம். குறை சுழியம் என்றால் இரு தொகைகளும் ஒன்று.

இந்த வாதம் ஒரு பண்பின் மேல் நிற்கிறது. எவ்வளவு சிறிய நேர்ம எண்ணை எடுத்தாலும் 1/10, 1/100, 1/1000 என்ற வரிசையில் அதைவிடச் சிறியது ஒன்று உண்டு என்பதே அது. ஆர்க்கிமிடீஸ் பெயரால் வழங்கும் பண்பு. நாம் பள்ளியில் படிக்கும் மெய்யெண்கள் எல்லாவற்றுக்கும் பொருந்தும். இரண்டாம் படியில் எழுந்த கேள்விக்கும் இதுவே விடை. 0.333...-க்கும் 1/3-க்கும் இடையிலான குறையை இதே முறையில் கேளுங்கள். அங்கும் சுழியம்தான் வரும். மெய்யெண்கள் என்றால் என்ன என்பதற்கு உறுதியான அடித்தளம் 1872-இல் டெடிகிண்ட், கேன்டர் என்ற கணித அறிஞர்களின் எழுத்துகளில் வந்தது. ஆனால் முடிவைப் பயன்படுத்துவதற்கு உலகம் அதுவரை காத்திருக்கவில்லை: தசம எழுத்து முறையை 1585-இல் சைமன் ஸ்டெவின் ஐரோப்பாவில் பரப்பினார், 1770-இல் வந்த இயற்கணித நூலில் ஆய்லர் 9.999... என்பது 10 என்று காட்டிவிட்டார்.

ஐந்தாம் படி: ஆத்தங்குடிக் கல்லில் வரைந்து பாருங்கள்

எண்களைவிடப் படத்தை விரும்புபவர்களுக்கு இது. சதுரமான ஆத்தங்குடித் தரைக்கல் ஒன்றைத் தாளில் வரையுங்கள். மூன்று பங்காளிகள் அதைச் சமமாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். நாலாகப் பிரிக்க மட்டுமே தெரியும். கல்லை நாலாக்கி ஆளுக்குக் கால் கொடுங்கள். கால் மிஞ்சும். அதை நாலாக்கி ஆளுக்கு வீசம் (1/16) கொடுங்கள். வீசம் மிஞ்சும். அதையும் நாலாக்கினால் ஆளுக்குக் கால்வீசம் (1/64). மூவருக்கும் எப்போதும் சமமாகவே போகிறது. மிச்சம் 1/4, 1/16, 1/64 என்று சுருங்கி, நீங்கள் சொல்லும் எந்த அளவுக்கும் கீழே இறங்கிவிடுகிறது. ஆகவே ஒருவர் பங்கு 1/4 + 1/16 + 1/64 + ... = 1/3. மூவர் பங்கும் சேர்ந்தால் முழுக்கல்.

இந்தத் தொடரைக் கேரளக் கணித அறிஞர் நீலகண்ட சோமயாஜி (பிறப்பு 1444), ஆரியபட்டரின் நூலான ஆரியபடீயத்துக்கு எழுதிய உரையில் எடுத்துப் பேசுகிறார். கூட்டுத்தொகை அந்த அளவு வரை மட்டுமே வளரும் என்பதும், அந்த அளவை உண்மையில் எட்டும் என்பதும் எப்படித் தெரியும் என்று அவரே கேள்வி எழுப்பி, குறை எப்படிச் சுருங்குகிறது என்று விளக்குகிறார். இன்று பிள்ளைகள் கேட்பதும் இதே கேள்வி. கோட்டையூரில் பிறந்த அழகப்பச் செட்டியார் 1950-இல் சென்னையில் ராமானுஜன் பெயரில் ஒரு கணித நிறுவனத்தைத் தொடங்கினார். தி. விஜயராகவன் அதன் முதல் இயக்குநர். அவருக்குப் பின் பொறுப்பேற்ற சி. டி. ராஜகோபால், கேரளக் கணித மரபின் முடிவிலித் தொடர்களைப் பற்றி ஆராய்ந்து எழுதியவர்களில் ஒருவர். காரைக்குடியில் அழகப்பர் கல்லூரி வாசலைக் கடக்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லலாம். இந்தக் கணக்கு அவர்களுக்கு அவ்வளவு தூரத்துச் சங்கதி இல்லை.

ஆறாம் படி: பத்தால் பெருக்கும் முறை, அதன் எல்லை

தேர்வுக்குத் தேவைப்படுவது இந்த முறை. க = 0.999... என்று வையுங்கள். பத்தால் பெருக்கினால் 10க = 9.999... இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் தசமப் பகுதி முழுவதும் அடிபட்டு 9க = 9. ஆகவே க = 1.

சுருக்கமாகவும் அழகாகவும் இருக்கிறது. ஆனாலும் நான்காம் படியைத் தாண்டி இதை முதலில் வைக்க எனக்கு விருப்பமில்லை. க என்பது ஓர் எண், அதைப் பெருக்கலாம், கழிக்கலாம் என்று இந்த முறை கேட்காமலே எடுத்துக்கொள்கிறது. அப்படி எடுத்துக்கொள்வது எப்போதும் சரியாக வராது. இடப்பக்கமாக ஒன்பதுகளை முடிவின்றி அடுக்கி ...999 என்று எழுதி, அதை ச என்று அழையுங்கள். 10ச = ...9990. கழித்தால் ச – 10ச = 9, அதாவது ச = –1. ஒன்பதுகளை அடுக்கினால் கடன் வருகிறது! தவறு கழித்தலில் இல்லை. 9, 99, 999 என்று அந்த அடுக்கு எந்த எண்ணையும் நெருங்காமல் பெருகிக்கொண்டே போகிறது. மெய்யெண்களில் அதற்கு மதிப்பே இல்லை. வலப்பக்கம் போகும் 0.999...-க்கு மதிப்பு உண்டு என்பதை நான்காம் படி உறுதி செய்துவிட்டதால்தான் இந்தக் குறுக்குவழி அங்கே செல்லுபடியாகிறது.

இதே வழியில் எந்தச் சுழல் தசமத்தையும் பின்னமாக்கலாம். 0.272727... என்றால் 27/99, சுருக்கினால் 3/11. புள்ளிக்கு அடுத்த இடத்திலேயே சுழற்சி தொடங்கினால், சுழலும் இலக்கங்களை மேலே எழுதி, அத்தனை ஒன்பதுகளைக் கீழே எழுதினால் போதும். எந்தெந்தச் சுழல் தசமங்கள் முழு எண்ணாகும் என்பதும் இதிலிருந்தே தெரிந்துவிடும். மேலே உள்ள எண் கீழே உள்ள ஒன்பதுகளைவிடப் பெரிதாக இருக்க முடியாது. எனவே அந்தப் பின்னம் முழு எண்ணாக வேண்டுமானால் மேலேயும் எல்லாம் ஒன்பதாக இருக்க வேண்டும். அல்லது எல்லாம் சுழியமாக இருக்க வேண்டும். 6.999... என்பது 7. 0.888... ஒருபோதும் முழு எண் ஆகாது, அது 8/9.

வழக்கமாக வரும் மறுப்புகள்

"ஐயா, கடைசி ஒன்பதுக்கு அப்புறம் ஒரு சின்ன இடைவெளி இருக்குமே?" என்று பேரன் கேட்டால், கடைசி ஒன்பதைக் காட்டச் சொல்லுங்கள். கடைசி என்று ஒன்று இல்லை என்பதுதான் மூன்று புள்ளிகளின் பொருள். 0.000...1 என்று எழுதி அதுதான் வித்தியாசம் என்பாரும் உண்டு. அந்த 1 எத்தனையாவது இடத்தில் இருக்கிறது? இடம் சொன்னால் முன்னே உள்ள சுழியங்கள் முடிந்துவிட்டன என்று பொருள். இடம் சொல்லாவிட்டால் அது தசம எண்ணே இல்லை.

"1-ஐ நோக்கிப் போகிறது, போய்ச் சேரவில்லை" என்பது அடுத்தது. 0.9, 0.99, 0.999 என்ற வரிசை 1-ஐ நோக்கிப் போகிறது, அதில் உள்ள எதுவும் 1 இல்லை, அது உண்மை. ஆனால் 0.999... அந்த வரிசையில் வரும் ஓர் எண் இல்லை. அந்த வரிசை எந்த எண்ணை நெருங்குகிறதோ அந்த எண்ணின் பெயர் அது. எண் எங்கும் நடந்து போவதில்லை.

ஓர் எண்ணுக்கு இரண்டு எழுத்து வடிவம் எப்படி இருக்கலாம் என்று சிலருக்கு உறுத்தும். அரை என்பதை 1/2, 2/4, 8/16 என்றெல்லாம் எழுதும்போது யாருக்கும் உறுத்துவதில்லை. நுண்ணிய அளவுகளைக் கொண்ட வேறு எண் அமைப்புகள் உண்டு என்று படித்தவர்கள் சொல்லக்கூடும். 1960களில் ஆபிரகாம் ராபின்சன் அப்படி ஒன்றை முறையாகக் கட்டினார். பள்ளிக் கணக்கும் கடைக்கணக்கும் மெய்யெண்களில் நடப்பவை. அங்கே விடை மாறாது.

ஏழாம் படி: முந்திரியில் போட்டுப் பாருங்கள்

தசமத்தில் ஏதோ கோளாறு இருப்பதால்தான் இப்படி வருகிறது என்று இன்னும் தோன்றினால், தசமத்தையே விட்டுவிட்டு நம் பழைய கீழ்வாய்க்கு, அதாவது பின்ன வாய்பாட்டுக்கு, வாருங்கள். முக்கால், அரை, கால், அரைக்கால் 1/8, வீசம் 1/16, மா 1/20, அரைமா 1/40, காணி 1/80, அரைக்காணி 1/160, முந்திரி 1/320. கீழே உள்ள எண்களைப் பகாக் காரணிகளாகக் கூறுபோட்டால் எல்லாவற்றிலும் 2-உம் 5-உம் மட்டுமே இருக்கும். அதனால் இவை அனைத்தும் தசமத்தில் முடிந்துவிடும்: முந்திரி 0.003125. முடியும் தசமங்களுக்கு மட்டுமே ஒன்பதில் சுழலும் இன்னொரு வடிவம் உண்டு. கால் என்பது 0.24999..., முந்திரி 0.003124999... என்றும் எழுதலாம்.

பட்டியலில் மூன்றில் ஒன்று இல்லை என்பதைக் கவனியுங்கள். 320 மூன்றால் மீதியின்றி வகுபடாது. மூன்று பங்காளிகளுக்கு ஒன்றைப் பிரித்தால் ஆளுக்கு 106 முந்திரி, மீதி 2 முந்திரி. முந்திரிக்கு 320 கீழ்முந்திரி. 2 முந்திரிக்கு 640. ஆளுக்கு 213 கீழ்முந்திரி, மீதி 1. பழைய வாய்பாட்டில் இதற்குக் கீழே இம்மி முதலிய வேறு அளவுகள் வருகின்றன. நாம் அவற்றை விட்டுவிட்டு மீண்டும் மீண்டும் 320-ஆலேயே இறங்குவோம். மீதி 1 என்று தொடங்கிய இடத்துக்கே வந்துவிட்டதால் 106, 213, 106, 213 என்று சுழலும். இங்கேயும் மூன்றில் ஒன்று முடிவதில்லை.

இப்போது மூவர் பங்கையும் சேருங்கள். 106-ஐ மூன்றால் பெருக்கினால் 318 முந்திரி. 213-ஐ மூன்றால் பெருக்கினால் 639 கீழ்முந்திரி; அதில் 320 ஒரு முந்திரியாக மேலே ஏறும். கிடைப்பது 319 முந்திரி, 319 கீழ்முந்திரி. அடுத்த அடுக்கிலும் கீழேயிருந்து ஒன்று ஏறி 319, அதற்கடுத்ததும் 319. தசமத்தில் 9 நின்ற இடத்தில் இங்கே 319 நிற்கிறது. 320-க்கு ஒன்று குறைந்த எண். மூன்று பங்கும் சேர்ந்த தொகை முழு 1 என்பதில் எந்தப் பங்காளிக்கும் சண்டை இல்லை. குறை எவ்வளவு என்று நான்காம் படியின் கேள்வியை இங்கேயும் கேட்டுப் பாருங்கள்.

அதை முடித்தவர்கள் ஒன்றை ஏழு பங்காக்கலாம். ஆளுக்கு 45 முந்திரி, மீதி 5. அடுத்து 228 கீழ்முந்திரி, மீதி 4. அப்படியே இறங்கினால் 182, 274, 91, 137 என்று வந்து, ஆறாவது அடுக்கில் மீதி 1 ஆகி, மறுபடி 45 தொடங்கும். இந்த ஆறு எண்களில் முதலாவதையும் நான்காவதையும், இரண்டாவதையும் ஐந்தாவதையும், மூன்றாவதையும் ஆறாவதையும் கூட்டிப் பாருங்கள். மூன்று முறையும் 319 வரும். மூன்றாம் படியில் 142857-இன் இலக்கங்கள் ஒன்பதாகக் கூடியதற்கும் இதற்கும் ஒரே காரணம்தான். அந்தக் காரணத்தை 1/7, 6/7 ஆகியவற்றின் மீதிகளை எதிரெதிரே எழுதினால் நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.